அந்த ஒரு சொல்லுக்குக் கார்வை விடுங்கள்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் விழாக் குழுவினருக்கும், விழா முடிவில் டிஜே மேசைக்குப் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நியூ ஜெர்சியில் 11 வருடமாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்து வருகிறேன். சங்க விழா என்றால் காலையில் கோலம் போடுவதில் தொடங்கி ராத்திரி நாற்காலி மடக்கி வைக்கும் வரை இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு விழா நடத்த எத்தனை பேர் எத்தனை வாரம் தூக்கம் கெடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன்.

போன பொங்கல் விழாவில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல ஒரு பள்ளியின் அரங்கத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அப்படி எடுத்தால், கட்டடத்தைத் திறந்து பூட்டிச் சுத்தம் செய்யும் பள்ளி ஊழியர், இங்கே கஸ்டோடியன் என்பார்கள், ஒருவர் கடைசி வரை கூடவே இருப்பார். அன்று வந்திருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய கறுப்பினத்தவர். காலை 7 மணிக்கே வந்து கதவைத் திறந்துவிட்டார். மேடை விளக்குகளுக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டினார். பெரிய குத்துவிளக்கைக் காரிலிருந்து இறக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே வந்து ஒரு பக்கம் பிடித்தார். இது என்ன கனம் கனக்கிறது என்று சிரித்தார். மதியம் ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலும் மெதுவடையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தானே வந்து இன்னும் இரண்டு வடை கேட்டு வாங்கிக்கொண்டார்.

ராத்திரி 9 மணி. நாடகம், நடனம், நன்றியுரை எல்லாம் முடிந்து டிஜே ஆரம்பித்தாகிவிட்டது. முதலில் நம் குத்துப்பாட்டுகள். அப்புறம் பிள்ளைகள் கேட்டார்கள் என்று ராப். ஒரு பாட்டில், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த ஆங்கில வார்த்தை வருகிற இடம் நெருங்கியது. டிஜே தம்பி சரியாக அந்த இடத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கிவிட்டார். கூட்டம் பாடட்டும் என்று எல்லா டிஜேக்களும் செய்கிற வேலைதான். பாட்டு சட்டென்று நின்றது. பட்டுப்பாவாடையும் வேட்டியும் கட்டிய நூறு பிள்ளைகள் ஒரே குரலில் அந்த வார்த்தையைக் கத்தினார்கள். பாட்டு திரும்ப வந்தது. அடுத்த சுற்றில் மறுபடி அதே. மொத்தம் நான்கு தடவை.

கஸ்டோடியன் அப்போது சுவரோரம் நின்று குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பையின் வாயைச் சுருக்கி ஒரு முடிச்சுப் போட்டார். அதன் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனார். ஜனவரிக் குளிர். அவருடைய கோட்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் உள்ளே வந்தார். நான் அருகில் போய், பிள்ளைகள் தெரியாமல் என்று ஏதோ ஆரம்பித்தேன். கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார். நேரமாகிவிட்டது, பூட்ட வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் காலையில் குத்துவிளக்குப் பிடித்தபோது இருந்த குரல் அது இல்லை.

அவர் மனதில் என்ன ஓடியது என்று அவர் சொல்லவில்லை. அவருக்காகப் பேச நான் யார்? நம்மைப் பற்றிப் பேசத்தான் எனக்கு இடம் இருக்கிறது.

"அந்த வார்த்தை" என்று சுற்றி வளைக்கிறேனே, எது என்று உங்களுக்குத் தெரியும். அதை முழுதாகச் சொல்லக்கூடாது என்பதற்காக அதன் முதல் எழுத்தை மட்டும் வைத்து இங்கே 'என்-வேர்ட்' என்கிறார்கள். தமிழில் எழுதினால் 'என்னுடைய வார்த்தை' என்று படிக்க வருகிறது. முதன்முறை அப்படி எழுதிப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் அது என்னுடையது இல்லை. உங்களுடையதும் இல்லை.

லத்தீனில் கறுப்பு நிறத்தைக் குறிக்கும் ஒரு சாதாரணச் சொல்லில் தொடங்கியது அது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்து ஏலத்தில் விற்ற நாட்டில் அதன் பொருள் மாறிப்போனது. சாட்டையோடு வந்த சொல் அது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, கறுப்பினத்தவரை இழுத்துப்போய் மரத்தில் தொங்கவிட்ட கும்பல்களின் வாயில் இருந்த சொல். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், அப்படிக் கொல்லப்பட்டவர்களுக்காக 2018 ஏப்ரலில் ஒரு நினைவிடம் திறந்தார்கள். 1877 முதல் 1950 வரை நடந்த 4,400க்கும் மேற்பட்ட கொலைகளை அதில் பதிந்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். உள்ளே நுழையும்போது கண் மட்டத்தில் இருக்கும். நடக்க நடக்கத் தரை இறங்கும், தூண்கள் நம் தலைக்கு மேலே தொங்கும். விடுமுறைக்கு ஃப்ளோரிடா வரை காரில் போகிற குடும்பங்கள், ஒரு நாள் கூடுதலாக எடுத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நினைவிடம் திறந்த அடுத்த மாதம், அதே அலபாமாவின் கடற்கரையில் ஒரு இசை விழா. கறுப்பின ராப் பாடகர் கெண்ட்ரிக் லாமார் மேடையில். அந்த வருடம்தான் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது. கிளாசிக்கல், ஜாஸ் தவிர வேறு இசைக்கு அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை. ரசிகர்களில் சிலரை மேடைக்கு அழைத்துத் தன் பாட்டைப் பாடச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். உற்சாகமாகப் பாடினாள், பாட்டில் இருந்தபடியே, அந்த வார்த்தையையும் விடாமல். கூட்டம் கூச்சல் போட்டது. அவர் பாட்டை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்னபிறகுதான் புரிந்து மன்னிப்புக் கேட்டாள்.

அவர்தானே எழுதினார், அவர்தானே மேடைக்குக் கூப்பிட்டார், அப்புறம் அவளைக் குறை சொன்னால் எப்படி என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். எனக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஒரு பிள்ளை கூனிக் குறுகி நின்றால் எந்தத் தாய்க்கும் வயிறு பிசையும். அதற்காக அவர் சொன்னது தப்பாகிவிடாது. வீட்டில் யாரோ ஒருவர் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய பாடம் அவளுக்கு மேடையில் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கும் அப்படி நடக்க நாம் விட வேண்டுமா?

"பாடுகிறவரே சொல்கிறார், அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள், நாம் சொன்னால் மட்டும் என்ன?" இந்தக் கேள்வியை என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பெற்றோர்களும் கேட்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை என்று நினைக்கிறேன். யார் யாரை 'டா' போடலாம் என்ற கணக்கை ஐந்து வயதில் கற்றுக்கொண்டவர்கள் நாம். என் அப்பாவின் பால்ய சிநேகிதர் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே "டேய் சொட்டை, இருக்கியாடா?" என்று கூப்பிடுவார். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போவார். அந்தக் குரலைக் கேட்டாலே அவர் முகம் பத்து வயது குறைந்துவிடும். அதே பேரை நான் சொல்லியிருந்தால்? அம்மா விளக்குமாற்றைத் தேடியிருப்பார். ஒரே சொல்தான். சொல்கிறவரும் கேட்கிறவரும் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் அதன் பொருளே இருக்கிறது. கடைசி ஒலியை 'அர்' என்று முடிக்காமல் 'அ' என்று முடித்தால் அது நட்புச் சொல், வசை இல்லை என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். அந்த நட்பு கறுப்பினத்தவர்களுக்குள் இருக்கிற நட்பு.

கறுப்பின எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் 2017ல் சிகாகோ அருகே ஒரு பள்ளியில் பேசியபோது இதைத் தொட்டுச் சொன்ன ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. ராப்பை நேசித்தும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் நிற்கிற அனுபவம், உலகத்தில் எல்லாமே தனக்குத் திறந்திருக்காது என்பது எப்படி இருக்கும் என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் கொஞ்சமாவது காட்டும் என்ற பொருளில் சொன்னார். நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். பெரிய வீடு, நல்ல பள்ளி, கேட்டதெல்லாம் கிடைக்கும் வாழ்க்கை. ஒரு வார்த்தை மட்டும் கிடைக்காது என்றால் கிடைக்காமல் இருக்கட்டும்.

கறுப்பினத்தவர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007 ஜூலையில் டெட்ராய்ட்டில் கூடிய, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பு, அந்த வார்த்தைக்கு ஒரு சவப்பெட்டி செய்து, ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. ரிச்சர்ட் பிரயர் என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் அந்தச் சொல்லை மேடையில் தாராளமாகப் புழங்கியவர். 1979ல் கென்யாவுக்குப் போய்வந்த பிறகு, இனி சொல்வதில்லை என்று விட்டுவிட்டார். இன்னொரு பக்கம், எங்களை அடித்த கோலை நாங்கள் பிடுங்கி எங்கள் கையில் வைத்திருக்கிறோம், அதை ஏன் கீழே போட வேண்டும் என்கிற ராப் பாடகர்கள். இந்த வழக்கு இன்னும் அவர்கள் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் வரலாற்றிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. சென்னையில் 1893ல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. பத்திரிகையின் பெயர் என்பதால் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஊர் எந்தப் பெயரைச் சொல்லித் தள்ளி நிறுத்தியதோ, அதே பெயரைத் தலைப்பில் அச்சடித்து உரிமை கேட்டார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. பிறர் சூட்டிய இழிவு அது, நாம் பூர்வ பௌத்தர் என்றார். 1907ல் அவர் தொடங்கிய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்'. இருவரும் மைத்துனர் உறவு வேறு. பெயரை எடுத்து அணிவதா, தூக்கி எறிவதா என்று ஒரே குடும்பத்தின் இரண்டு பெரிய மனிதர்கள் வேறு வேறு முடிவு எடுத்தார்கள். இதில் தீர்ப்புச் சொல்கிற இடம் அந்தப் பெயரால் அடிபடாத என் தாத்தாவுக்கு இருந்ததா? அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததெல்லாம் யாரையாவது திட்டும்போதுதான்.

இப்போது நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் ஊர் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நான் ஊர்ப்பக்கத்துப் பெண். ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி காலனியிலிருந்து வருவாள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குத் தெரியாமல் அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கூட இரண்டு கூட்டாளிகள். ஒருவர் சிவப்புக் காயைக் கோட்டைவிட்டால், மற்றவர் அந்தச் சாதிப் பெயரைச் சொல்லி, "உனக்கெல்லாம் எதுக்குடா ரெட்டு?" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கும் ஒரு ஆட்டம் கொடுத்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சின்ன அண்ணன் ஒரு லேசான காயைத் தவறவிட்டார். அவர்கள் மாதிரியே சொன்னால் நானும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்தேனோ என்னவோ, அந்தப் பெயரைச் சொல்லி, அதே வாக்கியத்தை, அதே ராகத்தில் சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. சின்ன அண்ணன் ஸ்டிரைக்கரைப் பலகை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. தோழி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய அண்ணன்தான் பேசினார். "நேரமாச்சு, வீட்ல தேடுவாங்க, போம்மா" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை பள்ளியில் அவள் பேசினாள், சிரித்தாள், பரீட்சைக்குப் பேனா கொடுத்தாள். வீட்டுக்கு மட்டும் மறுபடி கூப்பிடவே இல்லை.

எனக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவர்களிடமிருந்து கேட்டதைத்தான் திருப்பிச் சொன்னேன். அவர்களை எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் சொல்கிற மூன்று காரணமும் அன்றைக்கு என்னிடமும் இருந்தது. அந்தத் திண்ணையில் ஒன்றும் எடுபடவில்லை. 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஒருவரை ஏசுவது இன்று குற்றம். ஆனால் நான் செய்தது சட்டத்துக்கு அகப்படும் வகையான தப்பு இல்லை. அதனால்தானோ என்னவோ அது இத்தனை வருடம் உள்ளேயே கிடந்தது. போன பொங்கல் ராத்திரி கஸ்டோடியன் நேரமாகிவிட்டது என்று சொன்னபோது எனக்குத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று கேளுங்கள். அந்தச் சாதியின் பெயர் கடல் கடந்து ஆங்கில அகராதிக்கே போய்விட்டது. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு தேசத்தைப் பற்றிச் செய்தி வாசிக்கும்போது, இங்கே தொலைக்காட்சியில் சர்வசாதாரணமாக 'பரையா' என்கிறார்கள். என் தோழி அந்த வார்த்தையைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். சொல்கிறவருக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான். அதன் பின்னால் ஒரு சேரி, ஒரு பறை, உயிரோடு இருக்கிற மனிதர்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தால் தேவலை என்று நான் ஆசைப்படுகிறேன் இல்லையா, அதே ஆசை அந்த கஸ்டோடியனுக்கும் இருக்கும்தானே.

"நாங்களும் வெள்ளைக்காரர் இல்லையே, எங்களுக்கும்தான் இங்கே வசை விழுகிறது" என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்வார்கள். விழுகிறது. 1987ல் இதே நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டியில், 'டாட்பஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு கும்பல் திரிந்தது. நம் பெண்களின் நெற்றிப் பொட்டைக் கிண்டல் செய்து வைத்த பெயர் அது. இந்தியர்களை அடித்தார்கள், உயிரும் போனது. அந்தக் காலத்தில் இங்கே இருந்த அக்காமார்கள் கடைக்குப் போகும்போது பொட்டை அழித்துவிட்டுப் போனதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கும்பல் நம்மைச் சொன்ன வசையை ஒரு பாட்டில் வைத்து, வேறு யாரோ கை தட்டிப் பாடினால் நமக்கு எப்படி இருக்கும்? அது நம் மேல் விழுந்த சொல். இது அவர்கள் மேல் விழுந்தது. நிறம் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் அடுத்தவர் காயத்துக்கு நாம் வாரிசாகிவிட முடியாது.

நம் நிலைமை அதைவிடவும் கொஞ்சம் ஆழமானது என்பேன். 1946ல் வந்த சட்டப்படி, வருடத்துக்கு 100 இந்தியர்கள்தான் இந்த நாட்டில் குடியேறலாம். நாடு முழுவதுக்கும் நூறே நூறு பேர். கறுப்பின மக்கள் அலபாமாவின் செல்மா நகரில் அடிவாங்கி, சிறைக்குப் போய், உயிரைக் கொடுத்து நடத்திய போராட்டத்தில் 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டே மாதத்தில், அக்டோபர் 3 அன்று, அதே ஜனாதிபதி ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிறந்த நாட்டை வைத்து மனிதர்களைப் பிரிக்கிற பழைய கணக்கு அதோடு போனது. இனத்தை வைத்துப் பிரிப்பது கேவலம் என்று இந்த நாட்டை ஒத்துக்கொள்ள வைத்தது யார்? கிரீன் கார்டு வரிசை, எச்-1பி என்று நாம் ராத்திரி பகலாகப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு அந்த வாசல் வழியாக வந்தவை. அவர்கள் உடைத்த கதவு வழியாக உள்ளே வந்து, அவர்கள் கட்டடத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, அவர்களை அடித்த சொல்லை நம் பிள்ளைகள் கோரஸாகக் கத்துகிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை.

பெரியவர்களான நம் வாயும் சுத்தமில்லை, அதையும் பேசிவிடுவோம். பக்கத்து வீட்டுக்குக் கறுப்பினத்தவர் குடி வந்தால் குரலைத் தாழ்த்தி "கறுப்பன்" என்கிறோம். எந்த ஊரில் வீடு வாங்கலாம் என்று பேசும்போது "அங்கே அவங்க ஜாஸ்தி" என்று கண்ணைக் காட்டுகிறோம். பின் இருக்கையில் பிள்ளை காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நாம் இப்படிப் பேசிக்கொண்டு, பாட்டில் வருகிற சொல்லுக்குப் பிள்ளைகளை மட்டும் கண்டித்தால் அவர்கள் நம்மை மதிக்கவும் மாட்டார்கள், மதிக்க வேண்டியதும் இல்லை.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு, இனிமேல் விழாவில் ராப்பே கிடையாது என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள். அப்படிச் சொல்லத் துடிக்கிற இரண்டு மூன்று பேர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். அந்த இசை 1973 ஆகஸ்ட் 11 அன்று, இங்கிருந்து ஆற்றைத் தாண்டிய நியூயார்க்கின் பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில், டிஜே கூல் ஹெர்க் தன் தங்கையோடு நடத்திய ஒரு விருந்தில் பிறந்தது என்பார்கள். காசில்லாத பிள்ளைகள் இரண்டு டர்ன்டேபிளையும் தங்கள் வாயையும் வைத்து உண்டாக்கிய கலை. எதுகையும் மோனையும் அடுக்கி, தாளத்துக்குள் சொல்லை நெருக்கி நெருக்கி வைக்கிற அந்த வித்தையைக் கேட்கும்போது எனக்குத் திருப்புகழ் ஞாபகம் வரும். மலேசியாவின் யோகி பி தொடங்கி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வரை, நம் மொழியிலும் அது வேரூன்றிவிட்டது. பிள்ளைகள் அதைப் பாடட்டும். ஆடட்டும்.

பாடும்போது அந்த ஒரு சொல்லில் என்ன செய்வது? என் மகனிடம்தான் கற்றுக்கொண்டேன். அவனுக்கு 16 வயது. மிருதங்க வகுப்பிலிருந்து காரில் திரும்பும்போது அவன் பாட்டுதான் ஓடும். ஒருநாள் கவனித்தேன். படபடவென்று வரி தப்பாமல் கூடவே சொல்லிக்கொண்டு வந்தவன், ஒரு இடத்தில் உதட்டை மூடினான். அரை நொடிகூட இருக்காது. தொடையில் விரல் மட்டும் தாளத்தைத் தட்டியது. அடுத்த சொல்லில் சரியாக உள்ளே வந்து சேர்ந்துகொண்டான். அவனுக்கு வரி மறந்துவிட்டதோ என்று கேட்டேன். "இல்லம்மா, அந்த இடத்துல நான் கார்வை விட்டுருவேன்" என்றான். காரில் நான் மட்டும்தானே இருக்கிறேன், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். "நாக்கு பழகிடும்மா. அப்புறம் ஸ்கூல்ல நிக்காது" என்றான்.

கார்வை என்பது தாளத்தில் ஒலிக்காமல் விடுகிற இடைவெளி. மிருதங்கம் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும், கார்வையும் கணக்கில் சேர்த்திதான், அதை விட்டால் தாளம் உதைக்கும். நான் தடை, சென்சார், ஒழுக்கம் என்று தடுமாறிக்கொண்டிருந்த விஷயத்துக்கு அவன் தன் வாத்தியத்திலிருந்து ஒரு சொல் எடுத்துக் கொடுத்துவிட்டான். அந்தக் கார்வையால் அவன் பாட்டு ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

டிஜே தம்பி தங்கைகளே, இனி உங்களிடம். உங்கள் மடிக்கணினியில் இந்தப் பாட்டுகள் எல்லாம் 'கிளீன்', 'டர்ட்டி' என்று இரண்டு வடிவத்தில் இருக்கும், எனக்குத் தெரியும். சங்க விழாவுக்குக் கிளீன் வடிவத்தையே எடுங்கள். வெளியிலிருந்து டிஜே வைக்கும் குழுக்கள் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஆனால் அது மட்டும் போதாது. கிளீன் வடிவத்தில் அந்த இடம் வெற்றாக இருக்கும்போதுதான் கூட்டம் அதை இன்னும் சத்தமாக நிரப்பும். அதனால் அந்த இடத்தில் மட்டும் ஃபேடரைத் தொடாதீர்கள். பீட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இல்லை உங்கள் குரலில் ஒரு 'ஹேய்' போடுங்கள், கூட்டம் உங்கள் பின்னால் வரும். ஆரம்பிக்கும் முன் மைக்கில் ஒரு நிமிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் டீச்சர் பாடம் எடுக்கிறார் என்பார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். கறுப்பின நண்பன் ஒருவன் எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறான் என்று யாராவது வந்து நின்றால், அந்த நண்பன் தன் சார்பில் மட்டும்தான் கொடுக்க முடியும், கஸ்டோடியன் சார்பில் கொடுக்க முடியாது என்று சொல்லுங்கள்.

சித்திரைத் திருநாளுக்கும் அதே பள்ளியில்தான் இடம் கேட்டிருக்கிறோம். பாட்டுப் பட்டியலை ஒரு வாரம் முன்னால் எனக்கு அனுப்பிவைத்தால், நானும் மகனும் உட்கார்ந்து கேட்டு, எந்தப் பாட்டில் எத்தனையாவது நொடியில் அந்தச் சொல் வருகிறது என்று குறித்துக் கொடுக்கிறோம். ராத்திரி நாற்காலி மடக்கும் வரை நான் டிஜே மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். சமையல் பொறுப்பில் இருப்பவர்களிடம் வடை மட்டும் ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவரே வந்தால் அவருக்கு.

அன்புடன்,
ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை,
நியூ ஜெர்சி